உடல் தளர்ந்தவருக்கும் அழைப்பு உண்டா?



ஒக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மறைபரப்பு ஞாயிறாகும். பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1926ஆம் ஆண்டில் ஏற்படுத்திய வழக்கம் இது. அன்று கோயிலில் அதற்கென்று காணிக்கை எடுக்கின்றார்கள். நாமும் இயன்றதைப் போடுகின்றோம். தூரதேசங்களில் வெயிலிலும் மழையிலும் அலைந்து உழைக்கும் வேதபோதகர்களுக்காக ஒரு செபமாலை சொல்கின்றோம். அத்தோடு நம்முடைய கடமை முடிந்தது என்ற நிறைவோடு வீடு திரும்புகின்றோம். வேதபோதகர் என்றால் இளமையும் தேகதிடமும் உள்ளவர், நீண்ட அங்கி அணிந்தவர், நம் வீட்டில் இருப்பவர்களில் ஒருவர் அல்லர். இதுதானே நம் மனத்தில் பதிந்துள்ள எண்ணம்?

வல்வெட்டித்துறையில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுக்காகச் சொல்லும் குடும்பம்தான். ஆனாலும் இப்படிப்பட்ட வீடு வடமராட்சியில் எத்தனையோ உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வயது 61. கணவர் காலமாகிவிட்டார். மூத்த பிள்ளை கனடாவில், இளைய பிள்ளை லண்டனில். அவருக்கு நீரிழிவும் உண்டு, முழங்கால் நோவும் உண்டு. மாதந்தோறும் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து எடுக்கின்றார். ஒருநாள் தம்பியிடம் சொல்கின்றார்: “தம்பி, வன்னியிலை சிஸ்டர்மாரிட்டைப் பிள்ளையளுக்குப் படிப்பிக்க ஆள் போதாதாம். நான் போய் அவையோடை இருந்து என்னால் ஏலுமானதைச் செய்யப்போறன்.” தம்பி திடுக்கிடுகின்றார். “அக்கா, இந்த வயதிலை உங்களுக்கு இது தேவையே? அங்கை வருத்தம் கடுமையானால் உங்களை ஆர் பாக்கிறது? பிள்ளையளுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?”

அதே ஒழுங்கையில் ஓர் இளைஞன் இருக்கின்றான் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். சிறு வயது முதல் தொய்வு வருத்தக்காரன். குருமடம் போகவும், பிறகு வேற்று நாட்டில் வேதம் போதிக்கவும் அவனுக்கு ஆசை. தாயார் அழுகின்றார். “மாரி காலத்திலை மூச்சு விட ஏலாமல் கிடக்கிற பிள்ளை, ஆபிரிக்காவுக்கே போகப்போகுது?” என்று அயலவர் கேட்கின்றனர்.

இவர்களில் யார் பக்கம் நியாயம்? போக விரும்புகின்றவர் பக்கமா, தடுக்கின்றவர் பக்கமா? இதுவே நாம் இங்கு சிந்திக்க எடுத்துக்கொண்ட கேள்வி. போக விரும்புகின்றவரைப் புகழ்ந்துவிடுவது எளிது. தடுக்கின்றவரை விசுவாசம் குறைந்தவர் என்று கண்டிப்பதும் எளிது. இரண்டும் அவசரத் தீர்ப்புகள்.

கடலோடிகள் அறிந்த நியாயம்

அனுப்புவது என்றால் என்ன என்பதை வல்வெட்டித்துறை மக்களுக்கு வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பாய்க்கப்பலில் கணவனையும் மகனையும் அனுப்பிவிட்டுக் காற்றின் திசை பார்த்துக் காத்திருந்த ஊர் அது. அங்கு 1930ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் கப்பல், பின்னர் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டு, அவ்வூர் மாலுமிகளின் கையாலேயே செலுத்தப்பட்டு, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. இதை அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

அத்தகைய நெடும்பயணத்துக்கு ஆள் சேர்க்கும் தண்டையல் என்ன பார்ப்பார்? தன் வருத்தத்தை மறைத்துக்கொண்டு ஏறுகின்றவனை அவர் விரும்பமாட்டார். நடுக்கடலில் அவன் விழுந்தால் அவனுடைய வேலையும் அவனுடைய உயிரும் மற்றவர்கள் தலையில் ஏறும். ஆனால் கப்பலில் உள்ள எல்லோரும் பாய்மரத்தில் ஏறத்தான் வேண்டும் என்றும் அவர் சொல்லமாட்டார். நீரோட்டத்தையும் நட்சத்திரத்தையும் நன்கு அறிந்த முதியவர் ஒருவர் கப்பலில் இருந்தால், அவர் கயிறு இழுக்காவிட்டாலும் அவருடைய சொல்லுக்கு மதிப்புண்டு. ஆகவே கடலோடியின் நியாயத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. உண்மையை மறைத்து ஏறாதே என்பது ஒன்று. ஏறத் தகுதி என்பது தசைப்பலம் மட்டுமன்று என்பது மற்றொன்று. மறைபரப்பு விடயத்திலும் இந்த இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது கெடும்.

வேதாகமம் காட்டும் வழி

ஆண்டவர் ஆட்களைத் தெரிந்தெடுக்கும் முறையை வேதாகமத்தில் பார்ப்போமானால் வியப்பே மிஞ்சும். சொந்த ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படும்படி ஆபிரகாம் அழைக்கப்பட்டபோது அவருக்கு வயது 75 என்று ஆதியாகமம் சொல்கின்றது. பார்வோன் முன் மோயீசன் போய் நின்றபோது அவருக்கு வயது 80. கூடப் போன தமையன் ஆரோனுக்கோ 83. மோயீசன் நாக்குத் திக்குகின்றது என்று முறையிட்டவர். ஆண்டவர் அந்தக் குறையை நீக்கிவிட்டு அவரை அனுப்பவில்லை. கூடப் பேசுவதற்கு ஒரு சகோதரனைக் கொடுத்து அனுப்பினார். இதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். குறை அப்படியே இருந்தது. துணைதான் வந்தது.

புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் இன்னும் ஆச்சரியமான செய்தி ஒன்று உண்டு. தாம் அவர்களுக்கு முதன்முதலில் நற்செய்தி அறிவிக்க நேர்ந்ததே தம் உடல் நோயினால்தான் என்று அவர் நினைவூட்டுகின்றார். அந்த நோய் அவர்களுக்கு ஒரு சோதனையாக இருந்தும் அவர்கள் தம்மை வெறுத்துத் தள்ளாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்று நன்றியோடு குறிப்பிடுகின்றார். கலாத்தியாவின் திருச்சபை, நோயாளியாக வந்த ஒருவருக்கு அந்த ஊரார் இடம் கொடுத்ததால் பிறந்த திருச்சபை.

அதே சின்னப்பர், தம் சீடர் திமோத்தேயுவின் அடிக்கடி வரும் வருத்தங்களை எண்ணி அவருடைய வயிற்றுக்கு மருந்து சொல்கின்றார். பிலிப்பியர் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாயில் கிடந்து பிழைத்தபோது, அவரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புகின்றார். திரும்பி வருகின்றவரை மதிப்போடு வரவேற்கும்படியும் எழுதுகின்றார். நோயுற்றவர் பயன்படலாம் என்பதும், நோயுற்றவரைப் பராமரிக்க வேண்டும் என்பதும், தேவையானால் அவரை மரியாதையோடு திருப்பி அனுப்பலாம் என்பதும் அப்போஸ்தலர் காலத்திலேயே நடைமுறையில் இருந்தன.

நம் மண்ணுக்கு வந்த நோயாளி

யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்கு இந்த உண்மை ஏட்டுக் கதையன்று. நம் விசுவாசம் காப்பாற்றப்பட்ட வரலாறே அது. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் குருமார் துரத்தப்பட்டனர். ஏறக்குறைய 30 ஆண்டுகள் மக்கள் மேய்ப்பரின்றித் தவித்தனர். அந்த வேளையில், 1687ஆம் ஆண்டில், கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் வேடத்தில் இங்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 36. முதுமை இல்லை. ஆனால் எந்த நிலையில் வந்தார்? தூத்துக்குடியில் படகேறி, புயலில் அலைக்கழிந்து, பசியால் வாடி, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கடுமையான வயிற்றுளைவினால் விழுந்துவிட்டார். போதிக்க வந்தவர் எழுந்து நிற்கவே வலுவின்றிக் கிடந்தார். இரக்கமுள்ளோர் அளித்த உணவினாலும் பராமரிப்பினாலும் பிழைத்தார்.

அவர் தேறிய பின் கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரரைப்போல் வீடுவீடாகச் சென்று மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலையில் தங்கிப் பணிசெய்தார். 1692இல் கண்டிக்குப் போய்ச் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் பராமரித்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16இல் கண்டியில் மரித்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் புனிதராகவும் பிரகடனம் செய்யப்பட்டார்.

இந்த வரலாற்றில் நாம் சாதாரணமாக ஓர் இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றோம். அடிகளார் இந்த மண்ணில் செய்த முதல் காரியம் கொடுத்தலன்று, பெறுதல். தேகதிடத்தோடு வந்திருந்தால் அவர் உதவி செய்பவராக மட்டும் வந்திருப்பார். நோயாளியாக வந்ததால், யாழ்ப்பாணத்து ஏழைகளின் கையால் பிழைத்தவராக அவர்களிடையே எழுந்தார். கண்டியில் அம்மை நோயாளிகளின் அருகில் அமர்ந்த அந்த மனிதர், பத்து ஆண்டுகளுக்கு முன் தாமே ஊர்பேர் தெரியாத நோயாளியாகக் கிடந்தவர்.

பலவீனமான வேதபோதகரால் வரும் நன்மை இதுதான். வலிமையுள்ளவர் போகுமிடத்தில் மக்கள் பெறுகின்றவர்களாகவே இருந்துவிடக்கூடும். பலவீனர் போகுமிடத்தில் அந்த மக்கள் கொடுக்கின்றவர்களாகின்றார்கள். கொடுக்கத் தெரிந்துகொண்ட சமூகந்தான் உயிருள்ள திருச்சபையாகின்றது.

கடலுக்கு அப்பால் ஓரியூரில்

வல்வெட்டித்துறைக் கடலுக்கு அப்பால் தமிழகக் கரை. அங்கு இராமநாதபுரச் சீமையில் ஓரியூர் இருக்கின்றது. அதன் மணலில் 1693ஆம் ஆண்டு பெப்ரவரி 4இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இல்லை. ஆனால் அவர் சிறு வயதில் எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தார் என்பதைப் பலர் அறியார். 1647இல் லிஸ்பனில் பிறந்த அவர் மெலிந்த, நோஞ்சான் பிள்ளை. ஒருமுறை பிழைப்பாரோ என்று அஞ்சும்படி நோய் கடுமையானது. பிள்ளை பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பேன் என்று தாயார் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். அப்படியே பிழைத்தார், அங்கியும் அணிந்தார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து இந்தியாவுக்குப் போகின்றேன் என்றபோது தடுத்தவர்களில் முக்கியமானவர் நேர்த்தி வைத்த அதே தாயார்தான். இதற்காக அத்தாயைக் குறை சொல்ல முடியுமா? மரணத்தின் வாயிலிலிருந்து மீட்டெடுத்த பிள்ளையை மீண்டும் கடலுக்குக் கொடு என்றால் எந்தத் தாயின் நெஞ்சுதான் பதறாது? இருந்தும் அவர் 1673இல் புறப்பட்டார். மதுரை மிஷனில் பண்டார சுவாமியாக, மரக்கறி உணவோடு, வெறுந்தரையில் படுத்து, காடும் மேடும் நடந்தார். 1686இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பின்பு சபையின் அலுவலாகப் போர்த்துக்கல் போனார். அங்கேயே தங்கிவிடும்படி அரசர் கேட்டும் இணங்காமல் திரும்பி வந்தார். 45 வயதில் வேதசாட்சியானார். 1947இல் புனிதர் பட்டம் பெற்றார். தொய்வு வருத்தக்கார மகனை நினைத்துக் கலங்கும் தாயார் இந்த வரலாற்றை ஒருமுறை வாசிக்கட்டும். எல்லா நோஞ்சான் பிள்ளைகளும் அருளானந்தர் ஆவார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. பிள்ளையின் வருங்காலத்தை அவனுடைய மருந்துச் சீட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்காகவே சொல்கின்றோம்.

71 வயதில் புறப்பட்ட கன்னியர்

முதுமைக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டில் 1769இல் பிறந்தவர் புனித பிலிப்பின் துஷேன். இளமையிலேயே வேற்று நாட்டு மறைபரப்பில் ஆசை கொண்டவர். பிரெஞ்சுப் புரட்சியில் அவர் சேர்ந்திருந்த மடம் மூடப்பட்டது. பின்பு திருஇருதய சபையில் சேர்ந்தார். காத்திருந்து காத்திருந்து 1818இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 48. மிசூரிப் பிரதேசத்தில் பாடசாலைகள் நடத்தினார். ஆனால் அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் போகவேண்டும் என்பதே அவருடைய உள்ளத்து ஆசை. அது நிறைவேறியது 1841இல், 71ஆம் வயதில்.

அங்கே என்ன செய்தார்? சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த வயதில் பொட்டவற்றமி மொழி அவருக்கு வரவில்லை. படிப்பிக்க முடியவில்லை. கடின வேலை செய்யவும் உடல் இடங்கொடுக்கவில்லை. மணிக்கணக்காக நற்கருணைக்கு முன் முழந்தாளில் இருந்தார். நோயாளிகள் அருகில் இருந்தார். அம்மக்களோ அவரை ‘எப்போதும் செபிக்கும் பெண்’ என்று பெயரிட்டு அழைத்தார்கள். ஓராண்டுக்குப் பின் உடல்நிலை மோசமாகவே மேலதிகாரிகள் அவரைத் திருப்பி அழைத்தனர். அவரும் கீழ்ப்படிந்து திரும்பினார். அதன்பின் பத்து ஆண்டுகள் சிறியதோர் அறையில் செபத்தில் கழித்து 1852இல், 83ஆம் வயதில் மரித்தார். 1988இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

கணக்குப் பார்க்கும் கண்ணுக்கு அந்த ஓராண்டு ஒரு தோல்வி. பாடசாலை கட்டவில்லை, ஒரு சொல் போதிக்கவில்லை. ஆனால் அந்த மக்கள் கண்டது வேறு. தங்களிடம் எதையும் எதிர்பாராமல், தங்களோடு வாழ்வதற்காக மட்டும் கடல் கடந்தும் காடு கடந்தும் வந்த ஒரு கிழவியை அவர்கள் கண்டார்கள். வயது முதிர்ந்தவர் கொண்டுபோகக்கூடிய நற்செய்தி இதுவே. “நான் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டேன், ஆனால் உங்களோடு இருக்க வந்திருக்கின்றேன்” என்பதை இளைஞர் சொன்னால் நம்புவது கடினம். முதியவர் சொன்னால் நம்பலாம்.

திருச்சபை ஏன் தயங்குகின்றது?

அப்படியானால் விரும்பும் எல்லோரையும் திருச்சபை அனுப்பிவிடலாமே, ஏன் வைத்தியச் சான்று கேட்கின்றது என்று வினவலாம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் துறவற சபையில் சேர்வோருக்கு உடல்நலமும் பொருத்தமான குணமும் முதிர்ச்சியும் வேண்டும் என்கின்றது. நவசந்நியாசத்தில் சேர்வதற்குக் குறைந்த வயது 17 என்றும் விதிக்கின்றது. ஆனால் மேல் வயதெல்லை எதையும் அச்சட்டம் குறிக்கவில்லை. அதை அந்தந்தச் சபையே தன் அனுபவத்தின்படி வைத்துக்கொள்கின்றது. மறைபரப்புக்கு அனுப்பப்படுவோர் குருக்களாகவோ துறவிகளாகவோதான் இருக்கவேண்டும் என்பதில்லை, பொதுநிலையினரும் அனுப்பப்படலாம் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கின்றது. பிந்திய வயதில் குருத்துவத்துக்கு வருவோரைப் பயிற்றுவிப்பதற்கென்றே ரோமாபுரியில் பீடா கல்லூரி இயங்கி வருகின்றது. ஆகவே கதவு மூடப்படவில்லை. ஆனால் கதவருகில் ஒருவர் நின்று விசாரிக்கின்றார். அவ்வளவுதான்.

அந்த விசாரணை அன்பின்மையினால் வந்ததன்று. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வந்திறங்கிய சில மாதங்களில் காய்ச்சலால் மடிந்த வேதபோதகர்களின் கல்லறைகள் ஏராளம். அந்தக் கல்லறைகள் கற்பித்த பாடம் அது. மேலும், சபையின் பணியினாலோ சபையின் கவனக்குறைவினாலோ நோயுற்ற ஓர் இளந்துறவியை அந்த நோயைக் காரணங்காட்டி விலக்கக்கூடாது என்றும் அதே சட்டம் காவல் செய்கின்றது. ஏற்கும்போது விசாரிப்பதும், ஏற்றபின் கைவிடாதிருப்பதும் ஒரே நீதியின் இரண்டு பக்கங்கள்.

‘உமக்கு உடல்நிலை போதாது’ என்று சொல்லப்படுவதும் சில வேளைகளில் ஆண்டவருடைய வழியாகின்றது. 1540இல் இந்தியாவுக்குப் போகும்படி புனித இஞ்ஞாசியார் முதலில் குறித்தவர் நிக்கொலாஸ் பொபடில்லா என்பவர். அவர் நோயுற்றுவிட்டார். அவருக்குப் பதிலாகப் போனவர்தான் புனித பிரான்சிஸ் சவேரியார்! முத்துக்குளித்துறையும் மன்னாரும் சவேரியாரை அறிந்தது ஒருவருடைய காய்ச்சலினால் என்று சொன்னாலும் தவறில்லை. பொபடில்லாவின் கதி என்ன? அவர் வீணாய்ப் போகவில்லை. சவேரியார் 1552இல் மரித்தபின்னும் 38 ஆண்டுகள் ஐரோப்பாவில் உழைத்து 1590இல் மரித்தார். ஒரு கப்பலில் ஏற்றப்படாதவர் கைவிடப்பட்டவர் அல்லர். வேறொரு துறையில் அவருக்கு வேலை காத்திருந்தது.

நம்மை நாமே கேட்கவேண்டியவை

ஆகவே, அன்பர்களே, இப்படிப்பட்ட ஆசை உள்ளத்தில் எழும்போது ‘எனக்குப் பலம் போதுமா?’ என்று மட்டும் கேட்பது சரியான கேள்வியன்று. அப்போஸ்தலர் என்ற சொல்லுக்கே அனுப்பப்பட்டவர் என்றுதான் பொருள். அனுப்புகின்றவர் ஒருவர் இருக்கின்றார், உடன் சுமக்கின்றவர்கள் இருக்கின்றார்கள். அந்த நிலையில் நின்று மூன்று கேள்விகளை நம்மிடம் நாமே கேட்கவேண்டும்.

முதலாவது, நான் எதையாவது மறைக்கின்றேனா? வலிப்பு வருத்தத்தையோ இருதய வருத்தத்தையோ மனச்சோர்வையோ மறைத்துக்கொண்டு ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று ஏறுவது விசுவாசமாகாது. நாம் போகும் இடத்தில் உள்ள ஏழைச் சகோதரிகள் தங்கள் நித்திரையைக் கெடுத்து நம்மைப் பார்க்கப் போகின்றார்கள். அதற்குச் சம்மதிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. உண்மையைச் சொன்னபின் அவர்கள் ‘வாருங்கள்’ என்றால் அது கொடை. சொல்லாமல் போனால் அது சுமத்தல்.

இரண்டாவது, நான் எதையாவது விட்டு ஓடுகின்றேனா? படுக்கையில் கிடக்கும் கணவனையோ வயோதிபத் தாயையோ விட்டுவிட்டு வேதம் பரப்பப் போவது ஆண்டவருக்கு உகந்ததன்று. பெற்றோரைப் பராமரிக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை நாம் அறிவோம். தனிமைக்குப் பயந்து போவதும் சற்று ஆராயப்பட வேண்டியதே. ஆனால் தனிமை வந்தபின் அதைப் பிறருக்காகத் திறந்துவிடுவது வேறு, அது அருள்.

மூன்றாவது, ‘வேண்டாம்’ என்றாலும், ‘திரும்பி வா’ என்றாலும் நான் கீழ்ப்படிவேனா? பிலிப்பின் துஷேன் 71 வயதில் புறப்பட்டது பெரிது. ஓராண்டில் முணுமுணுக்காமல் திரும்பியது அதைவிடப் பெரிது. போவதற்கு மட்டும் ஆயத்தமாக இருப்பவரை அனுப்புவது ஆபத்து. திரும்பவும் ஆயத்தமாக இருப்பவரை அச்சமின்றி அனுப்பலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். சுகதேகியான, கெட்டிக்காரப் பிள்ளை குருமடம் போகின்றேன் என்றால் தடுத்துவிட்டு, கலியாணச் சந்தையில் எடுபடாத, வருத்தக்காரப் பிள்ளையை மட்டும் ‘கோயிலுக்கு விட்டுவிடுவோம்’ என்று எண்ணுகின்ற குடும்பங்கள் இல்லையா? நோயுள்ள பிள்ளைக்கு அழைப்பு இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது அந்தப் பிள்ளையின் அழைப்பாக இருக்கவேண்டும். பெற்றோரின் பாரம் இறக்கும் வழியாக இருக்கக்கூடாது.

கடல் கடவாத வேதபோதகர்

இந்த மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொன்ன பின்பும், வைத்தியரும் ஆன்ம குருவும் ‘போகவேண்டாம்’ என்று சொல்லிவிட்டால்? அப்போதும் அனுப்பப்படுதல் நின்றுவிடுவதில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாள் வியட்நாமில் உள்ள கார்மேல் மடத்துக்குப் போக விரும்பியவர். சயரோகம் அவரை விடவில்லை. 1897இல் 24ஆம் வயதில் மடத்தின் சுவர்களுக்குள்ளேயே மரித்தார். நோயால் நடக்கவே கஷ்டப்பட்ட நாட்களில், ஒவ்வோர் அடியையும் எங்கோ களைத்து நடக்கும் ஒரு வேதபோதகருக்காக ஒப்புக்கொடுத்து நடந்தார். அவரையே 1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 11ஆம் பத்திநாதர் மறைபரப்பின் பாதுகாவலியாக, சவேரியாருக்குச் சமமாக உயர்த்தினார். கடல்களைக் கடந்தவரும் மடத்து வாசலைக் கடவாதவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டனர்.

அடுத்த ஆண்டிலேயே, 1928இல், நம் யாழ்ப்பாணத்தில் தோலகட்டியில், அமலமரித் தியாகிகள் சபையின் தோமஸ் அடிகளார் செபமாலைத் தாசர் சபையை நிறுவினார். மௌனமும் செபமும் தவமும் உழைப்புமே அதன் வாழ்வு. மறைபரப்பு நாடுகளிலும் தியான வாழ்வு வேரூன்றவேண்டும் என்று அதே பாப்பரசர் 1926இல் விடுத்த அழைப்புக்கு நம் மண் கொடுத்த மறுமொழி அது. 1990இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் மறைபரப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் நோயாளர் தங்கள் துன்பத்தை ஒப்புக்கொடுப்பதன் மூலம் தாங்களும் மறைபரப்பாளராகும்படி அழைக்கப்படுகின்றனர். இதை ஆறுதலுக்காகச் சொல்லும் இரண்டாந்தரப் பரிசு என்று எண்ணவேண்டாம். ஆனால் இதைச் சாட்டாக்கி, போகக்கூடிய முதியவரையும் ‘வீட்டிலிருந்து செபமாலை சொல்லுங்கள், அது போதும்’ என்று நாற்காலியில் இருத்திவிடவும் வேண்டாம்.

இனி அந்த ஆசிரியைக்கும் அவருடைய தம்பிக்கும் வருவோம். அக்காவிடம் தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி: வருத்தம் கடுமையானால் யார் பார்ப்பது? ஆனால் அது பேச்சை முடித்துவிடும் கேள்வியாக இருக்கக்கூடாது, பதில் தேடவேண்டிய கேள்வியாக இருக்கவேண்டும். அக்கா தம் வைத்தியரிடம் முழு உண்மையையும் கேட்கட்டும். அதை அப்படியே சிஸ்டர்மாருக்குச் சொல்லட்டும். அருகில் எந்த ஆஸ்பத்திரி உண்டு, மருந்து எப்படிக் கிடைக்கும் என்று விசாரிக்கட்டும். ஊசிமருந்தை எங்கு குளிராக வைப்பது என்பதும் மறைபரப்பைச் சேர்ந்த கேள்விதான். மூன்று மாதம் இருந்து பார்க்கட்டும். பங்குத்தந்தையின் ஆசீரோடு போகட்டும். தம்பி மாதம் ஒருமுறை பஸ் ஏறிப்போய்ப் பார்த்து வரட்டும். மோயீசனுக்கு ஆண்டவர் கொடுத்தது ஒரு சகோதரனையே என்பதை மறவாதிருப்போம். தம்பி அந்த ஆரோனாக இருந்தால், அக்கா போகலாம்.

பிள்ளைகள் கடல்கடந்து போய்விட, பெரிய வீடுகளில் தனியே விளக்கேற்றி இருக்கும் முதியோர் நம் பங்குகளில் இன்று எத்தனை பேர்! படித்தவர்கள், தாதியராகவும் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் அனுபவம் பெற்றவர்கள், பொறுமை கற்றவர்கள். அவர்களுக்கு மாத்திரை எடுத்துவைப்பதோடும் தொலைபேசியில் சுகம் விசாரிப்பதோடும் நம் கடமை முடிவதில்லை. “உங்களால் இன்னும் எங்கே போகமுடியும், யாரோடு இருக்கமுடியும்?” என்று அவர்களிடம் யாராவது கேட்டதுண்டா? இந்த ஆண்டு மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கைத் தட்டில் காசு போடும்போது, நம் வீட்டில் உள்ள முதியவரிடமும் நோயாளியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்போம். அவர் சொல்லும் பதிலைச் சிரித்துத் தட்டிவிடாமல், பங்குத்தந்தையிடம் கொண்டுபோவோம்.